பாலக்காட்டில் வராத படம்

நம் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அனுபவம் என்று அவர்கள் மரியாதைக்குச் சொல்கிறார்கள். வேலையில் இருக்கும்போது செய்த அசட்டுத்தனங்களுக்கு ஓய்வு பெற்றபின் வைக்கிற பெயர் அது.

கட்டளைகளை நான் எழுதப் போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் தேடினால் கிடைக்கும். பின்னால் ஒருவர் காத்துக்கொண்டு நிற்க, வேர்க்க விறுவிறுக்கத் தப்பான இடத்தில் தேடுவது எப்படி என்பதில்தான் எனக்கு நல்ல தேர்ச்சி. அதைச் சொல்கிறேன்.

அந்தத் தேர்ச்சி இன்னும் போகவில்லை. இப்போது நான் வடகரப்பதியில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஊருக்குள் யார் வீட்டு டி.வி.யில் படம் வராவிட்டாலும் எனக்கு ஆள் வந்துவிடும். போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்து, வயரைக் கழற்றி மாட்டி, செட்டிங்கில் உள்ளதையெல்லாம் புரட்டிப் போட்டு, மாடியில் ஏறி டிஷ்ஷைத் திருப்பிவிட்டு இறங்கி வந்தேன். அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி, "அதுக்குக் கட்டுன பணம் தீந்து நாலு நாளாச்சுங்க" என்றார். திருப்பிய டிஷ்ஷை மறுபடி நேராக்க ஒரு பொழுது ஆயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூணாறைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் நமக்கு இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு சி.டி. ஸ்கேன் இயந்திரம் இருந்தது. சமவெளியில் எங்கோ உழைத்துக் களைத்து, வயதான காலத்தில் மலையேறி வந்த இயந்திரம். எடுக்கிற படத்தைப் பார்ப்பதற்கான நிரலை அங்கிருந்த ஒரே ஒரு லினக்ஸ் கணினியில்தான் ஓட்ட முடியும். உரிமம் அப்படி. ஆனால் படத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய டாக்டர் பாலக்காட்டில், நம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இதற்கு நான் செய்திருந்த ஏற்பாடு, தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு. நிரல் மலையிலேயே ஓடும். அதன் ஜன்னல் மட்டும் பாதுகாப்பான அந்த இணைப்பின் வழியே பாலக்காட்டுத் திரையில் வந்து திறக்கும். எந்தத் திரையில் வரைய வேண்டும் என்று நிரலுக்குச் சொல்ல ஒரு விலாசம் உண்டு. இணைப்புக் கிடைத்ததும் அந்த விலாசம் தானாகவே எழுதப்பட்டுவிடும். டாக்டர் ஒரு குறியீட்டை அழுத்தினால் போதும், மலையில் எடுத்த படம் அவர் கண்முன் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எது சர்வர், எது கிளையண்ட் என்பது தலைசுற்ற வைக்கிற சமாசாரம். உங்கள் முன்னால் இருக்கும் திரைதான் இங்கே சர்வர். எங்கோ ஓடும் நிரல் அதனிடம் வந்து நிற்கும் வாடிக்கையாளர். நிர்வாகக் கூட்டத்தில் நான் இதை நேர் தலைகீழாக விளக்கி, பலகையில் அம்புக்குறி போட்டுப் படமும் வரைந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தப்பென்று எனக்கே தெரிய வெகுகாலம் பிடித்தது. அதற்குள் அந்தப் படம் அச்சாகிச் சட்டம் போட்டு என் அறையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

படம் படிக்கும் டாக்டரின் பெயர் லலிதா. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அறையில் ஒருவரும் பேசக் கூடாது. மின்விசிறி சத்தம் போட்டால் அதையும் நிறுத்தச் சொல்வார். என்னை 'சாரே' என்பார். அதில் மரியாதை எவ்வளவு, நையாண்டி எவ்வளவு என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை. மலையில் ஸ்கேன் எடுப்பவர் பேச்சியம்மாள். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து, படித்து, அதே எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்தவர். பெற்றோர் வழி வந்த சங்கரன்கோவில் பக்கத்துத் தமிழ். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவார். அதனாலேயே அவர் எண் திரையில் தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

அது நல்ல மழைக்காலம். ஸ்கேன் இயந்திரம் பழுதாகிச் சில வாரம் சும்மா கிடந்தது. முந்தின வாரம்தான் ஆட்கள் வந்து சரி செய்தார்கள். நானும் கூடவே மலைக்குப் போய் கணினியை என் கையாலேயே பார்த்து, எல்லாம் சரி என்று சான்று கொடுத்துவிட்டு இறங்கியிருந்தேன்.

பழுது பார்த்தபின் வந்த முதல் நோயாளி முருகையா. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்தளத்திலிருந்து இறங்கும்போது ஈரப் படியில் சறுக்கி விழுந்தவர். தலையின் பக்கவாட்டில் அடி. விழுந்ததும் கொஞ்ச நேரம் நினைவில்லை. பிறகு தானே எழுந்து உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நன்றாகப் பேசினார். டீ கேட்டார். ஒரு தடவை வாந்தி எடுத்தார், தலை வலிக்கிறது என்றார். ஆனாலும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கட்டிலை விட்டு இறங்கி இறங்கி நின்றார்.

அங்கிருந்த டியூட்டி டாக்டர் இளைஞர். ஸ்கேன் படத்தில் எலும்பை ஒட்டி ஏதோ வெளுப்பாக இருக்கிறது, ஆனால் பழைய இயந்திரத்தில் அப்படி ஒரு வெளுப்பு சும்மாவே விழுவதும் உண்டு என்பதால் அவருக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. தலைக்கு அறுவை செய்யும் வசதி மலையில் கிடையாது. கொச்சிப் பக்கம் இறங்கும் சாலையில் மண் சரிந்து கிடந்தது. போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கலாம். ஆனால் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த வளைவுகளில் ஆம்புலன்ஸ் போக முடியாது. இருப்பதோ ஒரே வண்டி. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற ஆளை ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னாலேயே இன்னொரு அவசரம் வந்தால் கைவிரிக்க வேண்டியதுதான். லலிதா டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் என் அறையில் இருந்தேன். லலிதா டாக்டர் கூப்பிட்டார்.

"சாரே, மேலே ஸ்கேன் எடுத்தாச்சுங்கறா. எனக்கு இங்கே ஒண்ணும் காணலை."

"லைன்தானுங்க டாக்டர். மழை பேயுதுல்லீங்க. ரெண்டு நிமிசத்துல வந்துருமுங்க" என்றேன். எழுந்து போய்ப் பார்க்கும் முன்பே சொன்னேன். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் மருந்து எழுதித் தருகிற வைத்தியரைப் பற்றி நாம் எவ்வளவு கேலி பேசுவோம்.

போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றார். இணைப்பு ஒழுங்காகக் கிடைத்தது. அப்போதே லைன் என்ற என் முதல் வாதம் செத்துவிட்டது. நிரலைத் துவக்கினேன். ஜன்னல் வரவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. கர்சர் மட்டும் சும்மா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நிரல் தானாக முடிந்துபோய், அடுத்த கட்டளைக்காகத் திரை காத்திருந்தது. மறுபடி துவக்கினேன். மறுபடி அதே கதை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். திரை கிடைக்கவில்லை என்றால் நிரல் வாயை மூடிக்கொண்டு இருக்காது. திரையைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரியாவது கத்திவிட்டுத்தான் சாகும். அது கத்தவில்லை என்றால் அதற்குக் குறை எதுவும் இல்லை என்று அர்த்தம். எனக்கு இது தெரியும். பயிற்சி வகுப்பில் நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடும்போது, தெரிந்ததெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் ஒரு சித்தாந்தம் உண்டாக்கினேன். ஜன்னல் வரும் வழியில் நிரலுக்கு நினைவகம் போதாமல் இறந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாகிறதே, அதுவே சாட்சி. டாக்டரிடமும் இதை விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் கைப்பேசி அடித்தது. பேச்சியம்மாள். அவசரப்படுத்துகிறார் என்று கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினேன். அவசரம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே இவ்வளவு வேகமாகத் தப்புத் தப்பாக வேலை செய்துகொண்டிருக்கிறேன்?

பிறகு, நம்மைப் போன்றவர்கள் கையில் சரக்குத் தீர்ந்தால் செய்கிற வேலைகளை வரிசையாகச் செய்தேன். பாலக்காட்டுக் கணினியை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வரும் வரையில் டாக்டரும் நானும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரைக்கான காவலையெல்லாம் தளர்த்தினேன். எந்தக் கணினி வேண்டுமானாலும் இந்தத் திரையில் வந்து வரையலாம் என்று வாசற்கதவைத் திறந்து வைத்தேன். வீட்டுக்கு வர வேண்டிய விருந்தாளி வேறு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். மலையில் இருக்கும் கணினியை இங்கிருந்தே அணைத்துத் துவக்குவது. அதற்கான கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டேன். என்டர் விசையை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. மரியாதைக்காக டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னேன்.

"அந்தாள் படம் அதுக்குள்ளேதானே இருக்கு. ஆஃப் பண்ணினா போயிடாதோ?" என்று கேட்டார்.

"போகாதுங்க" என்றேன். பிறகு, "போகக் கூடாதுங்க" என்றேன்.

முதல் பதிலிலிருந்து இரண்டாவதற்கு நான் இறங்கியதை அவர் கவனித்துவிட்டார். புதிதாக எடுத்த படம் ராத்திரிதான் வேறொரு இடத்தில் நகல் ஆகும். அதுவரை அது அந்த ஒரு கணினியில் மட்டும்தான். பழைய கணினி, மழைக்காலம், மலை மின்சாரம். அணைத்தால் எழுந்திருக்கும் என்று நான் நம்பினேன். நம்பிக்கை என்ற சொல்லை இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது உபயோகித்தால் உடனே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அப்போது நான் எடுக்கவில்லை. விரல் விசைமேல்தான் இருந்தது.

கைப்பேசி மறுபடி அடித்தது.

"எத்தனை தரம் அடிக்கறது. யாராக்கும்?"

"பேச்சியம்மாளுங்க. சீக்கிரம் சீக்கிரம்னு சொல்றதுக்குக் கூப்புடறாங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

அவர் மேஜைமேல் இருந்த என் கைப்பேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் பேச்சியம்மாள் நான்தான் என்று நினைத்துத் துவங்கிவிட்டார்.

"சார், ஏன் சார் போன எடுக்க மாட்டேங்கிய? இங்ஙன அந்த அண்ணாச்சி தலைப் படம் தன்னால தெறந்துகிட்டே இருக்கு. நான் மூட மூட மறுபடி வருது. வைரசு ஏதும் ஏறிட்டோன்னு பயமா இருக்கு. வயரப் புடுங்கிரட்டா?"

என்டர் விசையிலிருந்து விரலை எடுத்தேன். எனக்குக் காது சூடானது மட்டும் நினைவிருக்கிறது.

"புடுங்காதே" என்றார் டாக்டர். "நான் லலிதா பேசறேன். இனி வந்தா மூட வேண்டாம். அப்படியே வை." பிறகு என்னைப் பார்த்து, "சாரே, ஒரு தரம் அமுக்குங்கோ" என்றார்.

அணைக்கும் கட்டளையை அழித்துவிட்டு, நிரலைத் துவக்கினேன்.

"வந்துதோ?"

"வந்துட்டு டாக்டரம்மா" என்றது மலை.

ஜன்னல் திறக்காமல் இருக்கவே இல்லை. நான் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக, முழுசாக, முருகையாவின் தலைக்குள் இருப்பதைக் காட்டிக்கொண்டு திறந்திருக்கிறது. பாலக்காட்டில் அல்ல, பேச்சியம்மாள் முன்னால் இருந்த மலைத் திரையில். யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்து, பிறகு பயந்துபோய், அவர் ஒவ்வொன்றாக மூடியிருக்கிறார். நினைவகம் போதாமல் நிரல் இறக்கிறது என்று நான் சித்தாந்தம் பேசினேனே, அது இறக்கவில்லை. அவர் கட்டிலருகே போய் முருகையாவை உட்கார வைத்துவிட்டு மேஜைக்குத் திரும்பி வந்து மௌஸைப் பிடிக்க ஆகிற நேரம்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருந்தது. அதைச் சொல்லத்தான் அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறார்.

விஷயம் புரிந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இந்தத் தொழிலின் சாபம் அது. எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டால், எதற்காகத் தேடினோம் என்பது மறந்துபோகும்.

"ஒரு நிமிசமுங்க டாக்டர், இப்பக் கண்டுபுடிச்சர்றேன்" என்றேன்.

"உங்க நிமிஷத்தை நான் பாத்தாச்சு. நீங்க நன்னாக் கண்டுபிடிச்சுண்டு இருங்கோ. நான் இவ கண்ணால பாத்துக்கறேன்."

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கைப்பேசியோடு ஜன்னல் பக்கம் போனார். எந்த அடுக்குப் படத்துக்குப் போக வேண்டும், வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பேச்சியம்மாள் செய்தார். எலும்பை ஒட்டி அவரைக்கொட்டை மாதிரி உப்பின வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது, ஆனால் அதுதானா என்று சொல்லத் தனக்குத் தெரியாது என்றார் பேச்சியம்மாள். அப்படியானால் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பு என்றார் டாக்டர்.

அதில் ஒரு சிக்கல். ஸ்கேன் அறையில் கைப்பேசிக்குப் பேச்சு கேட்கும், படம் போகாது. ஆஸ்பத்திரி வைஃபையில் ஊழியர்களின் கைப்பேசி சேர முடியாதபடி விதி இருந்தது. அது யார் போட்ட விதி என்று பேச்சியம்மாள் சொன்னதை டாக்டர் எனக்குச் சொல்லவில்லை. என்னைத் திரும்பி மட்டும் பார்த்தார். நான் விசைப்பலகையில் ஏதோ முக்கியமாகச் செய்வது போல் இருந்தேன். பேச்சியம்மாள் படம் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கடைசி வரைக்கும் மழையில் ஓடி, சிக்னல் கிடைக்கும் தூணருகே நின்று அனுப்பினார்.

படம் டாக்டரின் கைப்பேசிக்கு வந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"வண்டியை எடுக்கச் சொல்லு. போடிமெட்டு வழியா தேனிக்கு. அவரை ஒரு அடிகூட நடக்க விடாதே, படுத்தபடியே போகணும். கீழே சர்ஜனை நான் கூப்பிடறேன்."

மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. இப்படிப்பட்டவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டு, டீ கேட்டுக்கொண்டு இருப்பார்கள், பிறகு திடீரென்று சரிந்துவிடுவார்கள் என்று டாக்டர் பின்னால் எனக்குச் சொன்னார். முருகையா ஸ்ட்ரெச்சரில் படுக்க மறுத்து, தான் நடந்தே வருவதாக வாதாடியிருக்கிறார். பேச்சியம்மாள் அவரை எப்படிப் படுக்க வைத்தார் என்பதைக் கேட்டபோது, அதையெல்லாம் பாலக்காட்டில் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

இதற்கிடையில் நான் தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். மலைக் கணினியில் யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் படிக்கப்படும் கோப்பு ஒன்று உண்டு. அதன் கடைசியில் ஒரு வரி. என்ன ஆனாலும் படத்தை இந்த மலைத் திரையில்தான் வரைய வேண்டும் என்று நிரலைக் கட்டாயப்படுத்தும் வரி. இணைப்பு ஒழுங்காக எழுதிக் கொடுத்த விலாசத்தை அது ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டுத் தன் விலாசத்தை எழுதியிருக்கிறது.

எந்த மடையன் இதை எழுதினான் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கேட்டு முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது. முந்தின வாரம் பழுது பார்த்தபின் மலைத் திரையிலேயே நிரல் திறக்கவில்லை. ஜீப் புறப்படப் போகிறது என்று ஓட்டுநர் ஹாரன் அடித்தார். காரணம் தேட நேரமில்லாமல் அந்த ஒரு வரியைச் செருகினேன். படம் உடனே திறந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். சூடாக உளுந்துவடை கொடுத்தார்கள். பாலக்காட்டில் திறக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வடை நன்றாக இருந்தது.

வரியை நீக்கிவிட்டு மறுபடி இணைந்து, நிரலைத் துவக்கினேன். பாலக்காட்டுத் திரையில் ஜன்னல் திறந்தது. என் பணிக்காலத்தில் அவ்வளவு அழகாக எந்த ஜன்னலும் திறந்ததில்லை. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு மூலை விடுபடவில்லை. திரும்பிப் பார்த்தேன். டாக்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேனி சர்ஜனோடு பேசிக்கொண்டிருந்தார். "வந்துருச்சுங்க" என்றேன். கையை உயர்த்தி, பேசாமல் இருக்கும்படி சைகை காட்டினார்.

பேசி முடித்தபின் வந்து உட்கார்ந்தார். என்னை எழுப்பிவிட்டுத்தான். எல்லா அடுக்கையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கைப்பேசிப் படத்தில் தெரியாத ஒரு மெல்லிய எலும்பு விரிசல் இருந்தது. அதையும் சர்ஜனைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அளவுக்கு என் ஜன்னலுக்கும் ஒரு பிரயோஜனம் இருந்தது என்று ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். வைஃபை விதியைத் தளர்த்தலாமா என்று யோசிப்பதுபோல் பாவனை செய்தேன். தேனி போய்ச் சேர்ந்த பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கூப்பிட்டார். போடிமெட்டில் அவர்கள் இறங்கத் தொடங்கியபோதே பின்னால் மூட்டம் மூடிக்கொண்டு வந்ததாம். பாதி வளைவுகளைத் தாண்டும்போது முருகையாவுக்குப் பேச்சுக் குளறியிருக்கிறது. பிறகு கூப்பிட்டாலும் பதில் இல்லை. தேனியில் எல்லாம் தயாராக வைத்திருந்ததால் வண்டியிலிருந்து நேராக அறுவைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். மலைக் கணினியை நான் அணைத்திருந்தால், அது எழுந்திருக்காமல் போயிருந்தால், மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி காத்திருந்து, அதற்குள் மூட்டம் இறங்கி... ஆனால் அப்படி நடக்கவில்லை. என் திறமையால் நடக்காமல் போகவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். அந்த அழைப்பை நான் எடுக்கவில்லை. என் கைப்பேசியை அடுத்தவர் எடுத்ததால்தான் நான் தப்பித்தேன்.

மறுநாள் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்பப் பெருந்தன்மையாக, "சரி விடுங்க சார். இனிமே படம் தெறந்தா மூடணுமா, விடணுமா, அதச் சொல்லுங்க" என்றார். அதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்கிற தகுதி இருக்கவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. ஒரு கோளாறுக்கு இரண்டு கரை உண்டு. நாம் நிற்கும் கரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அக்கரையில் என்ன தெரிகிறது என்று கேட்பதுதான் முதல் வேலை. நான் அதைக் கடைசியில்கூடக் கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு. உங்களைக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது படமா, படத்தில் இருக்கும் பதிலா என்று ஒரு தடவை யோசியுங்கள். டாக்டருக்கு வேண்டியது பதில். நான் ஜன்னலைத் திறப்பதிலேயே குறியாக இருந்தேன்.

சில மாதம் கழித்து முருகையா பாலக்காட்டுக்கு வந்தார். அவர் மகளைப் பெருமாட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகள் வீட்டுக்கு வந்தவர், கையோடு லலிதா டாக்டரைப் பார்த்து ஸ்கேனைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். தலையில் தையல் போட்ட பக்கம் முடி இன்னும் குட்டையாக இருந்தது. மற்றபடி ஆள் திடமாக இருந்தார். டாக்டர் அவரை என் அறைக்கே அழைத்து வந்தார்.

"இவராக்கும் உங்க படத்தை இங்கே வர விடாமப் பண்ணினவர்" என்று அறிமுகம் செய்தார்.

முருகையாவுக்குப் புரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். நிரல் எங்கே ஓடுகிறது, ஜன்னல் எங்கே திறக்கிறது, விலாசம் என்றால் என்ன, நான் செருகிய வரி என்ன செய்தது என்று சுவரில் தொங்கிய படத்தையும் காட்டி விளக்கினேன். அந்தப் படம் தலைகீழ் என்பதையும் சொன்னேன். எஸ்டேட் மேனேஜர் பேசும்போது கேட்பதுபோல் அவர் கடைசிவரை பணிவாகக் கேட்டார்.

"அப்ப என் தலைப் படம் கடைசிவரைக்கும் எங்க ஊர்லயேதான் இருந்திருக்கு" என்றார்.

ஆமாம் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "படம் எங்க வந்தா என்ன சார்," என்றார், "வண்டி எங்கிட்ட வந்துட்டுல்லா."

டாக்டர் என்னைப் பார்த்தார்.  பெருமாட்டிக்குப் போகச் சித்தூர் பஸ் எங்கே நிற்கும் என்று முருகையா கேட்டார். கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.